பஸ் மேல் இருந்த பெயர்கள்: ஒரு எக்செல் தாளும் சில கேள்விகளும்

எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதே எனக்கு பஸ்ஸைப் பார்த்துத்தான். கோவில்பட்டி பக்கம் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கட்டபொம்மனும் பாண்டியனும் ராஜாக்களாகத் தெரியவருவதற்கு முன்னாலேயே பஸ்களாகத் தெரியும். "கட்டபொம்மன் வந்துட்டான், ஓடு ஓடு" என்று அத்தை கத்தினால், கையில் பையை எடுத்துக்கொண்டு எல்லோரும் ஓடுவோம். எங்கள் மாவட்டத்தின் பெயரே அப்போது சிதம்பரனார் மாவட்டம். பக்கத்து மாவட்டம் காமராஜர் மாவட்டம். கடித உறையில் முகவரி எழுதினால் பாதி உறை தலைவர்கள் பெயரிலேயே போய்விடும்.

1997-ல் ஒருநாள் பஸ்ஸின் பக்கவாட்டில் புது பெயிண்ட். பெயர் இருந்த இடத்தில் பட்டையாக அடித்து மறைத்திருந்தார்கள். சாய்வெயில் பட்டால் அடியில் பழைய எழுத்தின் மேடு தெரியும். ஏன் அழிச்சாங்க என்று வீட்டில் கேட்டேன். "பெரியவங்க விஷயம், பேசாம இரு" என்று பதில் வந்தது.

இந்தக் குறிப்பு அந்தப் பெயிண்டுக்கு அடியில் என்ன இருந்தது என்பதைப் பற்றியது. அதற்கு நான் போய்ச் சேர்ந்தது கொஞ்சம் சுற்றுவழியில்.

தெருப்பெயர்களையும் சிலைகளையும் தரவாக மாற்றி எண்ணிப் பார்க்கும் வேலை கடந்த பத்து ஆண்டுகளில் பல ஊர்களில் நடந்திருக்கிறது. 2023-ல் வெளியான 'மேப்பிங் டைவர்சிட்டி' என்ற ஐரோப்பிய இதழியல் திட்டம், 17 நாடுகளில் 30 பெரிய நகரங்களை எடுத்துக்கொண்டு 1,45,933 தெருக்களை அலசியது. மனிதர்களின் பெயர் வைத்த தெருக்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஆண்களின் பெயர்கள். பெண்களில் அதிகத் தெருக்கள் யாருக்கு என்று பார்த்தால், கன்னி மரியாளுக்கு. அமெரிக்காவில் 'மானுமென்ட் லேப்' என்ற அமைப்பு 2021-ல் ஏறக்குறைய 50,000 நினைவுச்சின்னங்களின் பதிவுகளைத் தொகுத்தது. அதிக நினைவுச்சின்னங்கள் பெற்ற 50 பேரில் பெண்கள் 3 பேர்தான்: ஜோன் ஆஃப் ஆர்க், ஹாரியட் டப்மன், சகாகவியா. அதே தொகுப்பில் கடல்கன்னிகளுக்கு 22 சின்னங்கள், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களாக இருந்த பெண்களுக்கு 2. இதைப் படித்த அன்று சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

இந்த வேலையின் அடிப்படை எளிமையானது. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் போன்ற திறந்த வரைபடத்திலிருந்து தெருப்பெயர்களை இறக்குவது. மனிதப் பெயர் எது, ஊர்ப்பெயர் எது, மரம் மட்டைப் பெயர் எது என்று பிரிப்பது. மனிதப் பெயர்களை விக்கிடேட்டா மாதிரியான தளத்தோடு இணைத்து ஆணா பெண்ணா, எந்த நூற்றாண்டு, என்ன தொழில் என்று நிரப்புவது. கடைசியில் எண்ணுவது. கணக்கு என்று பார்த்தால் ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

நம்ம ஊருக்கு வந்தால் இரண்டாவது படியிலேயே மாட்டிக்கொள்வோம். 'லட்சுமி நகர்' என்றால் யார்? தெய்வமா, மனை பிரித்து விற்றவரின் மனைவியா, அம்மாவா? மாரியம்மன் கோயில் தெருவைப் பெண் பெயரில் சேர்ப்பதா? சேர்த்தால் தமிழ்நாடு ஸ்டாக்ஹோமை எல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும். பெரிய தரவு வேண்டாம், கையடக்கமான பட்டியலாக எடுப்போம் என்று முடிவு செய்தேன். முதலில் எடுத்தது மெரினா.

1968 ஜனவரியில் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது கடற்கரைச் சாலையில் 10 சிலைகள் வைக்கப்பட்டன. திருவள்ளுவர், ஔவையார், கம்பர், கண்ணகி, வீரமாமுனிவர், ஜி.யு. போப், கால்டுவெல், பாரதியார், பாரதிதாசன், வ.உ.சி. பத்தில் பெண்கள் 2. அதாவது 20 விழுக்காடு. ஐரோப்பிய நகரங்களோடு ஒப்பிட்டால் பரவாயில்லை என்று சொல்லத் தோன்றும். அந்த இரண்டு பேர் யார் என்று பாருங்கள். கண்ணகி ஒரு காப்பியத்தின் நாயகி. ஔவையார் என்ற பெயரில் சங்க காலத்தில் ஒருவர், பிற்காலத்தில் ஆத்திசூடி பாடிய ஒருவர் என்று ஒன்றுக்கு மேற்பட்ட புலவர்கள் இருந்திருக்கிறார்கள். சிலையில் இருப்பவர் எல்லாரையும் சேர்த்து நம் மனசில் உருவான கிழவி. வள்ளுவரின் வாழ்க்கையைப் பற்றியும் நமக்குக் கையளவுதான் தெரியும் என்பது உண்மை. ஆனால் தேதி போட்டு, பிறந்த ஊர் போட்டு எழுதக்கூடிய பெண் என்று அந்த வரிசையில் ஒருவர்கூட இல்லை. இன்னொன்று: ஐரோப்பாவிலிருந்து வந்த கிறித்தவப் பாதிரியார்கள் 3 பேர், தமிழ்ப் பெண்கள் 2 பேர். போப்பையரும் கால்டுவெல்லும் செய்த வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. எண்ணினால் இப்படி வருகிறது, அவ்வளவுதான்.

இந்த 10 பேர் பட்டியல் எனக்குக் கற்றுக்கொடுத்தது, 'ஆண் / பெண்' என்ற ஒரு நிரல் போதாது என்பது. 'வாழ்ந்தவரா, கதாபாத்திரமா' என்று இன்னொன்று போட்டேன். கண்ணகி சிலை 2001 டிசம்பரில் அகற்றப்பட்டு 2006 ஜூனில் திரும்ப வைக்கப்பட்டது நினைவுக்கு வந்ததும் 'எப்போதிலிருந்து, எப்போது வரை' என்ற நிரலையும் சேர்த்தேன். அந்த நிரல் பின்னால் இவ்வளவு பேசும் என்று அப்போது தெரியல.

அடுத்தது என் பஸ்கள்.

1997-க்கு முன் ஓடிய அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் 19 பெயர்கள் என் தாளில் இருக்கின்றன. பல்லவன், டாக்டர் அம்பேத்கர், திருவள்ளுவர், பட்டுக்கோட்டை அழகிரி, தந்தை பெரியார், எம்.ஜி.ஆர்., அண்ணா, அன்னை சத்யா, சேரன், ஜீவா, சோழன், தீரன் சின்னமலை, வீரன் அழகுமுத்துக்கோன், மருதுபாண்டியர், பாண்டியன், ராணி மங்கம்மாள், கட்டபொம்மன், நேசமணி, வீரன் சுந்தரலிங்கம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இதை வாசிக்கும்போதே டீசல் வாசனை வரும்.

பெண்கள் 2. இருபதில் ஒன்று குறைய இரண்டு, அதாவது 10.5 விழுக்காடு. பல்லவன், சேரன், சோழன், பாண்டியன் நான்கும் குலப்பெயர்கள், தனி மனிதர்கள் இல்லை என்று கழித்துவிட்டால் 15-ல் 2, 13.3 விழுக்காடு. எந்தக் கணக்கை வெளியிடுகிறோம் என்பதே ஒரு முடிவு. அதை எடுத்தவர் அதைச் சொல்லிவிட வேண்டும். நான் இரண்டையும் வைத்திருக்கிறேன்.

அந்த இரண்டு பெண்களில் மங்கம்மாள் மதுரையை ஆண்ட ராணி. சத்யா எம்.ஜி.ஆரின் தாயார். ஒரு பெண் பெயர் பஸ்ஸில் ஏற வேண்டுமென்றால் அவர் அரியணையில் இருந்திருக்க வேண்டும், இல்லையென்றால் முதலமைச்சரைப் பெற்றிருக்க வேண்டும். ஆண்கள் பக்கம் பார்த்தால் பேச்சாளர் இருக்கிறார், கம்யூனிஸ்ட் இருக்கிறார், குமரி மாவட்டத்தைத் தமிழ்நாட்டோடு இணைக்கப் போராடியவர் இருக்கிறார், புலவர் இருக்கிறார். ஆண் எந்த வழியில் வேண்டுமானாலும் பஸ்ஸுக்கு வரலாம்.

மாவட்டங்கள் இதைவிட மோசம். செங்கை எம்.ஜி.ஆர்., வடாற்காடு அம்பேத்கர், தென்னாற்காடு வள்ளலார், திருவண்ணாமலை சம்புவராயர், விழுப்புரம் இராமசாமி படையாட்சியார், பெரியார், திண்டுக்கல் அண்ணா, நாகை காயிதே மில்லத், பெரம்பலூர் திருவள்ளுவர், பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர், காமராஜர், சிதம்பரனார், நெல்லை கட்டபொம்மன். இந்த 13-ல் பெண் பெயர் ஒன்றுகூட இல்லை. சிவகங்கைச் சீமை முழுக்கத் தேடினாலும் வேலு நாச்சியார் யார் கண்ணிலும் படவில்லை போலிருக்கிறது.

இதுவரை வந்தது எல்லாம் ஐரோப்பாக்காரர்கள் கண்டதன் நம்மூர்ப் பதிப்பு. ஆனால் இந்தத் தாளை இன்னும் கொஞ்சம் நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் வேறொன்று தெரியும். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு பகுதியின், பல இடங்களில் ஒரு சாதியின், கோரிக்கை இருந்தது. சின்னமலை கொங்கு நாட்டுக்கு, அழகுமுத்துக்கோன் யாதவர்களுக்கு, படையாட்சியார் வன்னியர்களுக்கு. யாரும் இதை ரகசியமாக வைத்திருக்கவில்லை. ஆட்சியில் இருப்பவர் பெயர் கொடுப்பார், அந்தச் சமூகம் நினைவில் வைத்துக்கொள்ளும். கழகங்கள் பிரியப் பிரியப் பெயர்கள் கூடின. வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள்.

கடைசியாக ஏறியவர் சுந்தரலிங்கம். கட்டபொம்மனின் படைத்தளபதி, கவர்னகிரியைச் சேர்ந்தவர், தேவேந்திரகுல வேளாளர் சமூகத்தவர். 1997 மே மாதம் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு புதிய கழகம் ஒன்று அவர் பெயரில் தொடங்கியது. தலித் ஒருவரின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று தேவர் சமூகத்தில் ஒரு பகுதியினர் சொன்னார்கள். தென்மாவட்டங்களில் கலவரம் வெடித்தது. பஸ்கள் மட்டும் போகவில்லை, உயிர்களும் போயின. ஜூலையில் அரசு ஒரு முடிவுக்கு வந்தது: எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்கள் பெயரையும் எடுத்துவிடுவது. சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி ஆனது, பெரியார் மாவட்டம் ஈரோடு ஆனது. என் அத்தையின் கட்டபொம்மன் 'தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்' ஆனான்.

(அந்த வாரங்களின் சூழல் எப்படி இருந்தது என்பதற்கு ஒன்று. ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் வந்தவர்களும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்தப் பிரச்சனை வேறு. தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவியைப் பற்றியது. காலம் ஒன்றுதான்.)

என் தாளில் 'எப்போதிலிருந்து, எப்போது வரை' என்ற நிரலில் பல்லவனுக்கும் பாண்டியனுக்கும் கால் நூற்றாண்டுக் கணக்கு. சுந்தரலிங்கத்துக்கு மட்டும் வருடம் என்ற அலகே பொருந்தவில்லை, மாதத்தில் எழுத வேண்டியிருந்தது. இதை எண்ணிக்கை காட்டவே காட்டாது. 1997 ஜூனில் யாராவது பட்டியல் எடுத்திருந்தால் அம்பேத்கர், சுந்தரலிங்கம் என்று 19-ல் 2 தலித் பெயர்கள். ஓரளவு பங்கு இருக்கிறதே என்று எழுதியிருப்பார்கள். அதே பட்டியலை ஆகஸ்டில் எடுத்திருந்தால் எல்லோருக்கும் பூஜ்யம். பூஜ்யத்தைவிடச் சமமான எண் உண்டா?

இந்த இடத்தில்தான் 'எங்கே' என்ற நிரலும் தேவைப்படுகிறது. அம்பேத்கர் பெயரில் வடக்கே ஒரு மாவட்டமே இருந்தது, சென்னையில் பஸ்களும் ஓடின. இந்த அளவு எதிர்ப்பு அங்கே எழவில்லை. எல்லோருக்கும் பொதுவான, எங்கேயோ பிறந்த, சட்டம் எழுதிய தலைவராக அவரை ஏற்றுக்கொள்வது ஒருவகையில் சுலபம் என்று நினைக்கிறேன். சுந்தரலிங்கம் உள்ளூர்க்காரர். கட்டபொம்மன் கதையில் பங்கு கேட்கிறவர். 'இந்த மண்ணின் வீரன்' என்ற சொல்லுக்கு இன்னொரு உரிமையாளர் இருக்கிறார் என்று அவர் பெயர் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்று சொல்லிவிட்டுப் போகும். சண்டை அதற்குத்தான் என்பது என் வாசிப்பு. மாற்றுக் கருத்து இருக்கலாம்.

இது நம்மூருக்கு மட்டும் உரிய கதை இல்லை. மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயர் வைக்க மகாராஷ்டிர சட்டமன்றம் 1978 ஜூலையில் தீர்மானம் போட்டது. உடனே தலித் குடியிருப்புகள் எரிந்தன. பெயர் உண்மையில் மாறியது 1994 ஜனவரி 14-ல். அதுவும் பழைய 'மராத்வாடா' என்ற சொல்லை விட்டுவிடாமல். தீர்மானத்துக்கும் பலகைக்கும் நடுவில் 15 வருஷத்துக்கு மேல். அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் 2019 ஜனவரியில் ஒரு பெரிய சாலைக்கு மார்ட்டின் லூதர் கிங் பெயர் வைத்தார்கள். அதே நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தி, ஏறக்குறைய 70 விழுக்காடு வாக்குகளோடு அதை நீக்கினார்கள். ஆகவே யாராவது இந்த மாதிரித் தரவு தொகுக்கப்போகிறார்கள் என்றால் என் பரிந்துரை: இன்று பலகையில் இருப்பதை மட்டும் எண்ணாதீர்கள். கேட்ட தேதி, கிடைத்த தேதி, போன தேதி மூன்றையும் போடுங்கள். கேட்டும் கிடைக்காத பெயர்களுக்கும் ஒரு வரிசை கொடுங்கள்.

சாதியை எண்ணுவதில் இன்னொரு சிக்கல், நாமே உண்டாக்கிக்கொண்டது. தெருப்பெயர்களில் சாதிப் பின்னொட்டை நீக்க வேண்டும் என்று 1978-ல் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. சென்னையில் ஜி.என். செட்டி சாலை, பலகையில் ஜி.என். சாலை ஆனது. நல்ல நோக்கம், நான் ஆதரிக்கிறேன். ஆனால் கோபதி நாராயணசாமி செட்டி அந்தச் சாலையை விட்டு எங்கும் போகவில்லை. பெயரின் வால் மட்டும்தான் போயிற்று. நினைவுகூரப்படுகிறவர்களின் பட்டியல் அப்படியே இருக்க, யார் எந்தச் சமூகம் என்பதை மட்டும் பலகையிலிருந்து எடுத்துவிட்டால், கணினியில் ஓட்டிப் பார்க்கிற ஆளுக்குத் தமிழ்நாட்டுத் தெருக்களில் சாதியே இல்லை என்று விடை வரும். பின்னொட்டை வைத்துத் தேடும் நிரல் எழுதி, வந்த விடையைப் பார்த்து ஒரு சாயங்காலம் முழுக்க நானே ஏமாந்திருக்கிறேன். வாழ்க்கை வரலாற்றைத் தேடி ஒவ்வொன்றாகக் கையால் நிரப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

2025-லும் இந்தக் கதை தொடர்ந்தது. ஏப்ரல் 29 அன்று, வசைச்சொல் போல ஆகிவிட்ட 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். தரவு பார்க்கிறவனுக்கு இது முக்கியமான செய்தி. ஆங்கிலத்தில் சாதாரணமான ஒரு சொல், நம் ஊர்களில் 'அந்தப் பக்கம்' என்று கைகாட்டும் சொல்லாக மாறியிருந்தது. நகரத்தில் 'பேங்க் காலனி'யும் இருக்கிறது, அங்கே யாருக்கும் கூச்சம் இல்லை. ஒரே சொல், இரண்டு பொருள். வரைபடத்தில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். அக்டோபரில் தெருக்கள், குடியிருப்புகளிலிருந்து சாதிப் பெயர்களை நீக்குவதற்கான அரசாணை வந்தது. அதே மாதம் 9-ந் தேதி கோவை அவிநாசி சாலை மேம்பாலம் ஜி.டி. நாயுடு பெயரில் திறக்கப்பட்டது. பெயரிலிருந்து 'நாயுடு'வை எடுத்தால் மிஞ்சுவது இரண்டு எழுத்து, அப்புறம் யாருக்கு யாரென்று தெரியும் என்று ஒரு பக்கம் கேட்டார்கள். அப்போ ஜி.என்.னுக்கு மட்டும் என்ன என்று இன்னொரு பக்கம் கேட்டார்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள்தான்.

சிலைகளுக்கு நான் வைத்திருக்கும் தாளில் சமீபத்தில் சேர்த்த நிரலோடு நிறுத்திக்கொள்கிறேன். அதன் தலைப்பு 'கூண்டு'. தென்மாவட்டங்களில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அம்பேத்கர் சிலை, தேவர் சிலை, இம்மானுவேல் சேகரன் படம் வைத்த பலகை என்று பலவற்றைச் சுற்றிக் கம்பிவேலி, மேலே மூடி, முன்னால் பூட்டு. பிறந்தநாள், நினைவுநாள் வந்தால் காவல்துறை நிற்கும். எந்தச் சர்வதேசத் தரவுத்தொகுப்பிலும் இப்படி ஒரு நிரலை நான் பார்க்கவில்லை. அவர்களைப் பொறுத்தவரை சிலை உண்டு அல்லது இல்லை. நமக்கு நடுவில் ஒன்று இருக்கிறது: உண்டு, ஆனால் உள்ளே.

கூண்டு நிரலை நிரப்ப வரைபடம் உதவாது, போய்த்தான் பார்க்க வேண்டும். ஆகவே கோவில்பட்டியிலிருந்து தெற்கே போகும் சாலையிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். ஜன்னலோர சீட்டு, ஒரு நோட்டு. சிலை, யார், கை எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது, கம்பி உண்டா, பூட்டு எந்தப் பக்கம். போன வாரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் என்ன எழுதுறீங்க தம்பி என்று கேட்டார். சிலைகளைக் கணக்கெடுக்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தவர், அடுத்த ஊர் வந்ததும் தோளைத் தட்டி, "அந்தா, அதுக்குப் போன வருஷம்தான் மூடி போட்டாங்க, எழுதிக்கோ" என்றார். எழுதிக்கொண்டேன்.